முட்டையா, கறியா, அடையா?

மணப்பாறை: சிறிய அளவில் வீட்டோடு வளர்க்க எந்தக் கோழி நல்லது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

சிறுவிடை.

இரண்டாவது வார்த்தைக்கும் இடம் கொடுத்தால், "எதற்கு?" என்று உங்களையே திருப்பிக் கேட்பேன்.

கோபிசெட்டிபாளையம்: முட்டையும் நிறைய வைக்கணும், கறியும் கனமா இருக்கணும், அடையும் கிடக்கணும். அப்படி ஒரு கோழி சொல்லுங்க.

அப்படி ஒரு கோழி கிடையாதுங்க அய்யா. அதற்குக் காரணம் கோழியின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. தின்ற தீனி முதலில் உயிர் தாங்கப் போகும். மிஞ்சியதுதான் சதையாகவோ முட்டையாகவோ மாறும். உடம்பு பெரிதாக ஆக, அதைத் தாங்கவே தீனி செலவாகிவிடும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள வெள்ளை லெகான் வகை ஆண்டுக்கு 300 முட்டை வரை இடுகிறது. சேவல் நான்கு கிலோவைத் தொடும் அசில் இனத்தில் பெட்டை 40, 50 முட்டையோடு நின்றுவிடும்.

அடை விஷயம் இன்னும் கறாரானது. பெட்டைக்கு அடைகிடக்கும் வேகம் வந்தால் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. கருவகம் சுருங்கி முட்டை நின்றுபோகிறது. 21 நாள் அடை, அதன்பின் குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம். அத்தனை நாளும் முட்டைக் கணக்கில் கழிவுதான். அதனால் முட்டைக்கென்று இனம் பிரித்தவர்கள் அடைகிடக்கும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் களையெடுத்துவிட்டார்கள். தாய்மையைக் கொடுத்து முட்டை வாங்கிய கோழி அது. பண்ணைக்காரருக்கு அது லாபம். நம் முற்றத்தில் குஞ்சு பொரிக்க வேறொரு தாய் வேண்டும்.

முட்டை, கறி, அடை மூன்றில் இரண்டைத்தான் ஒரு கோழியிடம் கேட்க முடியும். முட்டையும் ஓரளவு கறியும் போதுமென்றால், இரண்டுக்கும் பொதுவான பண்ணை இனங்கள் இருக்கின்றன. குஞ்சை மட்டும் வெளியில் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ருசியான கறியும் அடையும் போதுமென்றால் நம் நாட்டுக்கோழியான சிறுவிடை. முட்டை கொஞ்சம் குறையும். எதை விட்டுக்கொடுக்க மனம் வருகிறது என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டுக் குஞ்சு வாங்கக் கிளம்புங்கள்.

ஆத்தூர்: சிறுவிடை, பெருவிடை என்ன வித்தியாசம்? பெயரிலேயே இருக்கிறதே என்று சொல்லிவிடாதீர்கள்.

பெயரில் அளவு மட்டும்தான் இருக்கிறது, குணம் இல்லை. சிறுவிடைப் பெட்டை ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ. மரத்தில் ஏறும், பருந்தின் நிழலைக் கண்டதும் குஞ்சுகளை றெக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு, ஒவ்வொன்றிலும் 12 முதல் 18 முட்டை. குஞ்சை வளர்த்து ஆளாக்குவதில் அதற்கு ஈடு இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

பெருவிடை அசில் வழி. உயர்ந்த கால், நீண்ட கழுத்து, இறுகிய சதை. சண்டைக்கென்றே பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்ததால், பருவம் வந்த இரண்டு சேவல்களை ஒரே முற்றத்தில் விட முடியாது, ஒன்று மிஞ்சும். பெட்டையும் கனமானது. அடைகிடக்கும்போது முட்டையை மிதித்து உடைத்துவிடுவதும் உண்டு. கறிக்காக வளர்த்தாலும் நிதானமாக ஏழெட்டு மாதம் பொறுக்க வேண்டும். முற்றம் பெரிதாக இருந்து, தனித்தனித் தடுப்பு போடும் வசதியும் இருந்தால் வளர்க்கலாம். முதல்முறை கோழி வளர்ப்பவருக்கு நான் பெருவிடையைச் சொல்ல மாட்டேன்.

திருவொற்றியூர்: மொட்டைமாடியில் வளர்க்க ஆசை. வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு தினம் ஒரு முட்டை வேண்டும். நாட்டுக்கோழி எத்தனை வாங்கலாம்?

கணக்குப் போடுவோம் அம்மா. தினம் 4 முட்டை என்றால் ஆண்டுக்கு 1,460. சிறுவிடை ஆண்டுக்கு 60 இட்டால், 25 பெட்டை வேண்டும். மாடியில் 25 நாட்டுக்கோழி என்றால் பக்கத்து வீட்டோடு உறவு மிஞ்சாது. நாட்டுக்கோழியின் சிறப்பே மேய்ந்து திரிவதில்தான். மாடியில் அதற்குக் கிளற மண்ணும் கிடைக்காது, புழு பூச்சியும் கிடைக்காது.

உங்களுக்கு முட்டையினப் பெட்டைகள் 5 அல்லது 6 போதும். பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கலப்பினம் குணத்தில் சாது, மாடிக்கு ஒத்துவரும். ஆனால் தீனியை முழுக்க நீங்கள்தான் போட வேண்டும். ஒரு பெட்டைக்கு நாளுக்கு 110 கிராம், ஆறு பெட்டைக்கு மாதம் 20 கிலோ. அதையும் முட்டைக்கோழித் தீவனமாக வாங்குங்கள்; வெறும் அரிசியும் சோற்று மிச்சமும் போட்டு 300 முட்டை எதிர்பார்த்தால் அது தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓடு செய்யும். கிளிஞ்சல் தூள் ஒரு கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். மே மாதத்துக்குத் தென்னங்கீற்றுப் பந்தல் கட்டாயம். தகரக்கூரைக்கு அடியில் கோழி வெந்துபோகும்.

அதே ஊர்: சேவல் இல்லாமல் முட்டை வைக்குமா?

வைக்கும். பொரிக்காது, அவ்வளவுதான். மாடிக்குச் சேவல் வேண்டாம்; அது விடியற்காலை 3 மணிக்கே ஊரை எழுப்பும்.

தாராபுரம்: வனராஜா, கிரிராஜா, கிராமப்பிரியா, நந்தனம், நாமக்கல்... பெயர்களே தலைசுற்ற வைக்கின்றன.

ஒவ்வொன்றும் எந்த ஊரில், எதற்காக உருவானது என்று பார்த்தால் குழப்பம் தெளிந்துவிடும். வனராஜாவும் கிராமப்பிரியாவும் ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்தவை. வனராஜா கறிப்பக்கம் சாயும், கிராமப்பிரியா முட்டைப்பக்கம் சாயும். அக்கா தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரிராஜா பெங்களூரில் உருவானது, அதுவும் கறிப்பக்கம். கிராமலட்சுமி கேரளத்தில், ஆஸ்திரலார்ப்பையும் வெள்ளை லெகானையும் கலந்து எடுத்தது, முட்டைக்கு.

நம்முடைய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் கொடுத்தது நந்தனம் கோழி. சென்னை நந்தனத்தில் இருந்த கோழி ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் அது. ரோடு ஐலண்டு ரெட் என்ற சிவப்பு இனத்திலிருந்து தேர்ந்தெடுத்து வளர்த்ததுதான் நந்தனம் 1. அதற்குப் பிறகு வந்த வகைகளும் உண்டு. நாமக்கல் கோழி 1 நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது.

இவை அத்தனையும் பார்வைக்கு நாட்டுக்கோழி போலவே நிறநிறமாக இருக்கும். சந்தையில் நாட்டுக்கோழி என்றே விற்கும். வளர்ப்பவருக்கு இது நல்லதுதான். வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது என் பிடிவாதம். சிறுவிடைக்குக் கொடுக்கிற காசை வாங்கிக்கொண்டு கலப்பினத்தைக் கொடுத்தால், நாளைக்குச் சிறுவிடை வளர்க்கிறவருக்கு விலை கிடைக்காது. அந்த இனம் நம் காலத்திலேயே கலந்து கரைந்துபோகும்.

பரமக்குடி: கலப்பினக் கோழியின் முட்டையை அடைவைத்து அப்படியே பெருக்கிக்கொள்ளலாமா?

குஞ்சு வரும். ஆனால் தாய் போல வராது. முதல் கலப்பில் இருக்கும் வீரியம் அடுத்த தலைமுறையில் சிதறிவிடும். ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, ஒன்று 180 முட்டை, ஒன்று 70. வீரிய ஒட்டுரக மக்காச்சோளத்தை விதைக்கு எடுத்துவைத்தால் நடப்பதுதான் இங்கும் நடக்கும். சிறுவிடை, நிக்கோபாரி போன்ற தூய இனம் என்றால் வீட்டிலேயே தாராளமாகப் பெருக்குங்கள். 8, 10 பெட்டைக்கு ஒரு சேவல். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து சேவலை மாற்றுங்கள். உடன்பிறந்ததோடே சேர்ந்தால் பொரிப்பு குறைந்து குஞ்சும் சோனியாகும்.

நாகப்பட்டினம்: நிக்கோபாரி என்றீர்களே, அது என்ன?

நிக்கோபார் தீவுகளின் நாட்டுக்கோழி. கால் குட்டை, உடம்பு உருண்டை. நம் நாட்டின் நாட்டினங்களில் முட்டைக்கு முதலிடம் இதற்குத்தான். ஆண்டுக்கு 140 முதல் 160 வரை இடும். உப்புக்காற்றில் பிறந்த இனம் என்பதால் கடற்கரைக்காரரான உங்களுக்கு ஒத்துப்போகலாம். தூய குஞ்சு கிடைப்பதுதான் பாடு.

விருத்தாசலம்: தெருவில் பச்சை, ரோஸ் சாயம் போட்ட குஞ்சு 10 வாங்கினேன். பிழைத்த 3-ம் சேவல். என் ராசி அப்படியா?

ராசி இல்லை தம்பி, 10-ம் சேவலாகத்தான் இருந்திருக்கும். முட்டையினப் பொரிப்பகத்தில் பெட்டைக்குஞ்சு மட்டும் பண்ணைக்குப் போகும். சேவல்குஞ்சு முட்டையும் இடாது, கறியும் சீக்கிரம் பிடிக்காது. ஒதுக்கப்பட்ட அவைதான் சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வருகின்றன. பிறந்த நாளிலிருந்து சூடு இல்லாமல், தண்ணீர் இல்லாமல், சாயத்தில் நனைந்து வருகிற உயிர்கள் அவை. குழந்தை கேட்டு அழுதாலும் வாங்காதீர்கள். வாங்க ஆள் இருப்பதால்தான் சாயம் பூசுகிறார்கள். உங்களிடம் பிழைத்த மூன்றையும் நன்றாக வளர்த்துவிடுங்கள்.

உடுமலை: கருங்கோழி வளர்த்தால் கொட்டும் பணம் என்கிறார்கள். இறங்கலாமா?

கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிப் பழங்குடி மக்கள் காப்பாற்றிவந்த இனம். 2018-ல் அதன் கறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல், சதை, எலும்பின் மேல்தோல் வரை கறுப்பு. கருநிறமி உடம்பின் உள்ளேயும் பரவும் மரபுக்கூறு அதற்குக் காரணம். அழகான, நோய் தாங்குகிற கோழி. ஆனால் மெல்ல வளரும். சேவலே இரண்டு கிலோ பிடிக்கத் திணறும். ஆண்டுக்கு 80, 90 முட்டை. அடையும் சரியாகக் கிடக்காது.

முட்டை, கறி, அடை என்ற மூன்றில் எதிலும் அது முதலிடம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதன் விலை நிற்பது கேட்டு வாங்குபவரை நம்பித்தான். உங்கள் ஊரில் கருங்கோழி கேட்டு மாதம் 20 பேர் வருவார்கள் என்றால் வளர்க்கலாம். "குஞ்சு நாங்களே தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். 2012-ல் பெருந்துறையைச் சுற்றி ஈமு வளர்ப்பில் என்ன நடந்தது என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பறவைக்குச் சந்தை இல்லை, புதிதாகச் சேர்பவரின் முன்பணம்தான் பழையவருக்கு லாபமாகப் போனது. நகையை அடகு வைத்துக் கட்டியவர்களை நான் நேரில் பார்த்தேன். ஊசிபோட்டு, தீனிபோட்டு வளர்த்த பறவையைக் கடைசியில் அவிழ்த்துவிட்டார்கள். கோழியின் பெயர் மாறும், நிறம் மாறும், திட்டம் அதேதான்.

சூலூர்: பிராய்லரை முற்றத்தில் மேயவிட்டு நாட்டுக்கோழி மாதிரி வளர்க்கலாமா?

வேண்டாம். அது ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டவென்று உருவாக்கிய உடம்பு. வேகமாக ஏறும் சதைக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்காது. தீனியைக் குறைத்தால் வாடும், தாராளமாகப் போட்டால் இரண்டு மாதத்துக்கு மேல் நடக்கத் திணறும். பிராய்லரின் தாய்க்கோழிகளுக்கே பண்ணையில் அளந்துதான் தீனி போடுகிறார்கள். வயிறார விட்டால் கொழுத்து முட்டை குறைந்துவிடும்.

ஹார்மோன் ஊசியால் வளர்கிறது என்று பலர் எழுதிக் கேட்கிறீர்கள். ஒவ்வொரு கோழியையும் பிடித்து ஊசி போட்டால் கூலிக்கே கட்டாது. வளர்ச்சி முழுக்க இனத்தேர்விலும் தீவனத்திலும் வந்தது. இன்னொரு சேதி: பிராய்லரின் தகப்பன்வழி கார்னிஷ் என்ற இங்கிலாந்து இனம், அதை உருவாக்கியதில் நம் அசில் இரத்தம் இருக்கிறது. நம் பெருவிடையும் கடையில் தொங்கும் வெள்ளைக்கோழியும் தூரத்துப் பங்காளிகள்.

கும்பகோணம்: பழுப்பு முட்டை என்றால் நாட்டுக்கோழி முட்டைதானே?

இல்லை. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. கூண்டில் வளரும் பண்ணைக் கலப்பினமும் நல்ல பழுப்பில் இடும். நம் சிறுவிடை வெளிர் நிறத்தில் இடும். காதுமடல் வெள்ளையாக இருக்கும் லெகான் வெள்ளை முட்டை இடும், சிவப்பாக இருக்கும் ரோடு ஐலண்டு ரெட் பழுப்பு இடும்; பல இனங்களில் இந்த அடையாளம் பொருந்தும். ஓட்டை வைத்துச் சத்தை அளக்க முடியாது. மஞ்சள்கரு அடர்ந்திருப்பது பச்சைத்தழையும் மக்காச்சோளமும் தின்றதால். முருங்கைக்கீரை நறுக்கிப் போட்டுப் பாருங்கள், பத்துப் பதினைந்து நாளில் நிறம் மாறும்.

தேனி: உரித்த கோழியின் தோல் மஞ்சளாக இருந்தால் மஞ்சள்தூள் தடவியதா?

நம் ஊரில் தடவி வாட்டுவது உண்டு, அது தெரியும். தானாகவே மஞ்சள் தோல் உள்ள கோழிகளும் உண்டு. அந்த மரபணு வீட்டுக்கோழிக்கு வந்தது சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து என்று 2008-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். உங்கள் மேற்குத்தொடர்ச்சி மலையில் விடியலில் கத்துகிறதே, அதே கோழி.

ராமநாதபுரம்: எங்கள் ஊர் வெயிலுக்கு எது தாங்கும்?

கழுத்தில் இறகில்லாத கோழி. பார்ப்பவர்கள் நோய் என்று ஒதுக்குகிறார்கள். நான் ஆசையாக வளர்க்கிறேன். ஒரே ஒரு மரபணுதான், கழுத்தை மட்டுமல்ல, உடம்பெங்கும் இறகைக் குறைத்துவிடுகிறது. சூடு சீக்கிரம் வெளியேறும், கத்திரி வெயிலிலும் மேயும். இறகுக்குப் போகும் சத்து சதைக்குப் போகும். அறுத்தபின் இறகு பிடுங்கும் வேலையும் குறைவு.

உறையூர்: எங்கள் ஊருக்குக் கோழியூர் என்று பழம்பெயர். அந்தக் கதையில் யானையை வென்ற கோழி என்ன இனம்?

யானை மேல் பாய்கிற நெஞ்சு பெருவிடைக்குத்தான் உண்டு. சிறுவிடையும் பாயும், குஞ்சு பக்கத்தில் இருந்தால்.

வாடிப்பட்டி: எந்தப் பெட்டையை வைத்துக்கொள்வது, எதைக் கறிக்கு விடுவது?

பெட்டையைப் பிடித்து, ஆசனவாய்க்கு இருபுறமும் உள்ள இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல் தாராளமாகப் போனால் முட்டையிடுகிறது. ஒரு விரலே நெருக்கினால் இடவில்லை. கொண்டை சிவந்து மெத்தென்று இருக்கிறதா, வெளிறிச் சுருங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் அடையில் இருப்பதும், இறகு உதிர்ப்பதும் அப்போது இடாது. அவசரப்பட்டு நல்ல தாயை அறுத்துவிடாதீர்கள். இரண்டு ஈடு நன்றாகக் குஞ்சு வளர்த்த சிறுவிடையை நான் கிழவியாகும்வரை விற்பதில்லை.

மேலூர்: எந்த இனம் வாங்கினாலும் மழை, பனி முடிகிறபோது மொத்தமாகச் செத்துப்போகிறது. நோயே வராத இனம் எது?

அப்படி ஓர் இனம் இல்லை. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கேத் என்று உத்தராகண்டில் ஒரு மலையூர். அதன் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார்கள். நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச்சக்தி அதிகம் என்ற நம்பிக்கையில்தான் நானும் இருந்தேன். ஒரு தை மாதம் சந்தையிலிருந்து மூன்று வெடைக்கோழி வாங்கிவந்து அன்றைக்கே கூட்டத்தில் விட்டேன். ஐந்தாம் நாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து திருகல். பத்து நாளில் 43 கோழியில் 4 மிஞ்சியது. என் அம்மா கைப்பட எடுத்துக்கொடுத்த வழி அதோடு போயிற்று. இன்றும் அந்த வழியைப் போன்ற பொரிநிறப் பெட்டையை எங்கே பார்த்தாலும் நின்றுவிடுகிறேன்.

வந்தபின் மருந்தில்லை. ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையடி ஊசி. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிடித்து ஊசி போட முடியாமல் மரத்தில் அடையும் கோழிகளுக்கென்று, தீனியோடு கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. புதிதாக வாங்கும் கோழியை மூன்று வாரம் தனியே அடைத்துவைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் விடுங்கள். இனத்தைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதி இதற்குக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

திருச்செங்கோடு: எங்களிடம் சிறுவிடைப் பெட்டை ஒன்று அடையில் இருக்கிறது. அதற்கு வேறு இனத்து முட்டையை வைத்தால் ஏற்றுக்கொள்ளுமா?

ஏற்கும் அக்கா, இதுதான் சின்ன முற்றத்துக்குச் சிறந்த வழி. முட்டைக்கு நந்தனமோ கிராமப்பிரியாவோ சிலது வைத்துக்கொள்ளுங்கள்; அடைக்கும் குஞ்சு வளர்க்கவும் சிறுவிடை இரண்டு மூன்று. ஒருத்தி இடுவாள், இன்னொருத்தி பொரிப்பாள். முட்டைக்கோழிக் குஞ்சும் தாயோடு மேய்ந்து கிளறக் கற்றுக்கொள்ளும்; மின்விளக்குச் சூட்டில் வளர்ந்த குஞ்சுக்கு அந்தப் பாடம் கிடையாது.

சேவலோடு இருந்த பெட்டையின் முட்டையாக, ஒரு வாரத்துக்கு உட்பட்டதாகப் பாருங்கள். அவை உங்கள் சிறுவிடையின் முட்டையைவிடப் பெரிது. 10-க்கு மேல் வைக்காதீர்கள், நெஞ்சுக்கு அடியில் அடங்காதது குளிர்ந்துவிடும். கூடையில் மணல் பரப்பி வைக்கோல் போட்டு, இரவில், சத்தம் காட்டாமல் மாற்றுங்கள். அடுப்புக்கரி, மிளகாய்வற்றல், இரும்புத்துண்டு போடுவது உங்கள் வீட்டு வழக்கமென்றால் போடுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. ஏழாம் நாள் இருட்டில் டார்ச்சைப் பிடித்துப் பார்த்து, நரம்போடாத கூமுட்டையை எடுத்துவிடுங்கள். தினம் ஒருமுறை அவள் இறங்கித் தின்று தண்ணீர் குடிக்க வேண்டும். சில தாய்கள் இறங்கவே மறுக்கும், நீங்கள்தான் தூக்கிவிட வேண்டும்.

20-ஆம் நாள் இரவு கூடைக்குக் காது கொடுத்தால் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று கேட்கும். தாயும் அடித்தொண்டையில் பதில் சொல்லும். மறுநாள் ஓடு விரியத் தொடங்கினால் கையை வைக்காதீர்கள், அவள் பார்த்துக்கொள்வாள். குஞ்சுகளை இறக்கிவிடுவதற்கு முந்தின நாளே ஒரு பழைய பானையில் ஈரச் சாணமும் மட்கிய சாக்கும் அடைத்து, கரையான் இருக்கும் இடமாகப் பார்த்துக் கவிழ்த்துவையுங்கள். குஞ்சுகள் பஞ்சாரத்தைவிட்டு வெளியே வரும் காலையில் தின்னக் கரையான் தயாராக இருக்கும்.